வெங்காயத் தாள் சாய்வதற்குள்

வரப்பில் நின்று ஒரு வயலைப் பார்த்தால், அதற்கு எத்தனை ஆள் வேண்டும், எத்தனை நாளில் முடியும் என்று சொல்லிவிடுவேன். இது தற்பெருமை இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்வார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் பெண்டுகளைக் கூட்டிக்கொண்டு போய் விதை வெங்காயம் ஊன்றிக் கொடுத்தவள் நான். ‘பன்னெண்டு பேர் வரோம், பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிரும்’ என்று சொன்னால் முடிந்துவிடும். முடியாத வயலை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவதில் எனக்கு வெட்கம் கிடையாது. முடியும் என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிற்பதுதான் வெட்கம்.

என் கூட்டத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஊன்றுவதானாலும் களை எடுப்பதானாலும், வரிசை முடியாமல் ஒருத்தியும் நிமிரக் கூடாது. ஒருத்தி நிமிர்ந்தால் பக்கத்தில் இருப்பவளுக்கு உடனே இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடும். அப்புறம் வரிசை முழுக்க வலிதான். இதற்காக என்னை ஏசாதவர்கள் கிடையாது. ஆனால் மறுநாளும் என்னோடுதான் வந்தார்கள்.

போன வருஷம் வலது முழங்கால் வேலையை விட்டுவிட்டது. நான் விடவில்லை, முழங்கால்தான் விட்டது. கடைசி நாள் வயலில் கை கழுவிக்கொண்டு இருந்தபோது, இத்தனை வருஷமும் வரிசையின் மறு ஓரத்தில் குனிந்தவள், என் சிநேகிதி, என்னை விட ஐந்தாறு வயது சின்னவள், வாயைத் திறந்தாள்.

“வூட்ல குந்திக்கிட்டு என்னக்கா பண்ணப் போற? டிவியில அழுவுறவளுவளுக்குத் தொணையா அழுவப் போறியா?”

“எனக்கு ஆயிரம் வேல இருக்குடி.”

“ஆயிரம் வேணாம். ஒரு நாலு சொல்லு பாப்பம்.”

என்னால் ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகும் அது தைத்துக்கொண்டே இருந்தது. ஊரார் வயலுக்கெல்லாம் கணக்குச் சொன்னவளுக்குத் தன் வயலுக்குச் சொல்லத் தெரியவில்லையே.

அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தேன். மிச்சமிருக்கும் காலத்தை ஒரு வயலாக நினைத்துக்கொண்டேன். நிலம் எவ்வளவு? தெரியாது. ஆள் எத்தனை? ஒருத்தி. அந்த ஆளின் முழங்கால் எப்படி? அரை ஆள் முழங்கால். இதற்குள் என்ன முடியும்?

முதலில் ஒன்பது ஆசை வந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். காசிக்குப் போகவேண்டும் என்று இருந்தது. அங்கே போனால் பிடித்தது எதையாவது விட்டுவிட்டு வரவேண்டுமாம். நான் விடும்படியாக என்னிடம் என்ன இருக்கிறது? வெற்றிலை ஒன்றுதான், அதை விடமாட்டேன். காசியைத் தள்ளினேன். சைக்கிள் கற்றுக்கொள்வது என் இருபது வயது ஆசை, அதை அந்த இருபது வயதுக்காரியிடமே விட்டுவிட்டேன். விமானத்தில் போவது இன்னொன்று. மேலே போய்க் கீழே பார்க்கத்தானே விமானம்? அதற்கு ஒரு மலை போதும். அடுத்தவர் மனம் மாறினால்தான் நடக்கும் என்கிற காரியங்கள் இரண்டு இருந்தன. அவற்றையும் தள்ளினேன். அடுத்தவர் வயலை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

கடைசியில் நான்கு நின்றது.

ஒன்று, அரியலூரில் நல்ல ஓட்டலுக்குத் தனியாகப் போய் உட்கார்ந்து, நானே சொல்லி வரவழைத்துச் சாப்பிடவேண்டும். இரண்டு, மீன்சுருட்டியில் இருக்கும் என் தங்கை வீட்டில் பத்து நாள், ஒரு துரும்பையும் எடுத்துப் போடாமல் இருக்கவேண்டும். மூன்று, எனக்கு ஒரு சேலை நானே எடுக்கவேண்டும். பொங்கலுக்கு நிலத்துக்காரர்கள் கொடுத்தது, தீபாவளிக்கு மகன் எடுத்தது, பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்றுதான் உடுத்தியிருக்கிறேன். நிறம் எது என்று என்னை யாரும் கேட்டதில்லை. நான்காவது, செட்டிகுளம் கோயில் மலைமேல் ஏறி, கீழே இருக்கும் வெங்காய வயல்களைப் பார்க்கவேண்டும். அடிவாரத்து வயல்களில் எத்தனையோ தரம் ஊன்றியிருக்கிறேன். ஒரு முறைகூட மேலே ஏறியதில்லை. கணுக்கால் உயரத்திலிருந்தே பார்த்த வயலை மேலே இருந்து ஒரு தரம் பார்க்கவேண்டும்.

இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். எனக்கு முதியோர் வகுப்பில் கற்ற எழுத்துதான். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், நாலு வார்த்தையை எழுத்துக் கூட்டி எழுத அரை நாள் ஆகும். மருமகள் அரியலூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், மணிமணியாக எழுதுவாள். ஆனால் அவளுக்குத் தெரிந்தால் என் மகனுக்குத் தெரியும். அவன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். பாசக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டுவந்து என்னைத் தூக்கி வைத்து, பொழுது சாய்வதற்குள் நான்கையும் முடித்துவிடுவான். அவன் முடித்தால் அது அவன் பட்டியல்.

ஒரு திங்கட்கிழமை முழங்கால் மாத்திரைக்காகப் பெரம்பலூர் போனவள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் எழுதிக் கொடுக்கிறவரைப் பார்த்தேன். இவரிடம் சொன்னால் ஆயிற்று என்று போய் உட்கார்ந்தேன்.

“என்னாம்மா வேணும்?”

“நாலு சமாச்சாரம் எழுதணுங்க. வயசான காலத்துல எனக்கு வேணுங்கறது.”

“சொல்லுங்க. பேரு, ஊரு, வயசு, ரேஷன் கார்டு நம்பர் மொதல்ல சொல்லுங்க.”

ஆசைக்கு ரேஷன் கார்டு எதற்கு என்று அப்போதே கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கார்டு நம்பர் போட்டால் தாளுக்கு ஒரு கனம் வரும் என்று நினைத்துவிட்டேன். நான் நிதானமாகச் சொல்லச் சொல்ல அவர் மளமளவென்று எழுதினார். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் காத்துக்கொண்டு இருந்தார்கள். என் பேர் எழுதியிருந்த இடத்தை மட்டும் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

“உள்ள போயி குடுத்து சீல் போட்டுக்குங்க” என்றார்.

இங்கேதான் தப்பு நடந்தது. அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அவரிடம் தாள் எழுத வருகிறவர்கள் எல்லாருமே மனு எழுத வருகிறவர்கள்தான். தப்பு என்னுடையது. எங்கள் பக்கத்தில் சீல் இல்லாத தாளை யாரும் தாளாகவே மதிக்கமாட்டார்கள். ஆசைப் பட்டியலுக்கும் ஒரு சீல் விழுந்துவிட்டால் அப்புறம் தட்டவே தட்டாது என்று நம்பி, அந்த நீள வரிசையில் ஒரு மணி நேரம் முழங்காலோடு நின்றேன். உள்ளே மேசைக்காரர் தாளை வாங்கினார், சீலும் போட்டார். ஆனால் தாளை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு துண்டுச் சீட்டைத் தந்தார்.

“என் தாளக் குடுங்க சார்.”

“பதில் வரும்மா. அடுத்த ஆளு வாங்க.”

பட்டியலைக் கொடுத்துவிட்டுச் சீட்டோடு வீட்டுக்கு வந்தேன். என்னவோ சரியில்லை என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் வி.ஏ.ஓ. வந்தார். இளவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். வாசலில் வண்டியை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து என் கூட்டத்துப் பெண்டுகள் தெருவோடு போய்க்கொண்டு இருந்தார்கள். என் சிநேகிதி முன்னால் நின்றாள். மருமகள் அப்போதுதான் கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு இருந்தாள்.

“நீங்க மனு குடுத்திருக்கீங்களாம்மா, விசாரிக்க வந்தேன்” என்று சொல்லிவிட்டு அவர் தாளைப் பிரித்துப் படித்தார். ஊருக்கே கேட்டது. ‘ஆதரவற்ற நிலையில் வாடும் ஏழை மூதாட்டியாகிய நான் கண்ணீர் மல்கக் கேட்டுக்கொள்வது: ஒன்று, வேளாவேளைக்கு உணவு. இரண்டு, பத்து நாட்களாவது தங்கி ஓய்வெடுக்க ஓர் இல்லம். மூன்று, உடுத்திக்கொள்ள ஒரு சேலை. நான்கு, நடக்க இயலாத எனக்கு ஒரு சக்கர நாற்காலி.’

அடியில் என் கையெழுத்து.

கூலி உயர்த்திக் கேட்டிருக்கிறேன், சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். அது உழைத்த கை கேட்பது. இரக்கப்பட்டுக் கொடு என்று இந்தக் கையை நான் நீட்டியதே கிடையாது. என் புருஷன் செத்துப்போன வருஷம்கூட, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நீட்டவில்லை. இப்போது சோறு கேட்டும் துணி கேட்டும் சர்க்காரிடம் ஒரு தாள் இருக்கிறது, என் கையெழுத்தோடு, சீலோடு.

“யக்கா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆளுக்கு ஒரு புடி சோறு போட்டிருக்க மாட்டமா?” என்றாள் சிநேகிதி. கேலிதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மருமகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவள் துண்டை முகத்தில் வைத்தவள் எடுக்காமலே உள்ளே போய்விட்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தட்டை வைத்துவிட்டு, குரல் ஏற்றாமல் கேட்டாள்: “ஆதரவில்லாதவங்களுக்கு இன்னிக்கிக் கொழம்பு ஊத்தட்டுங்களா, ரசம் ஊத்தட்டுங்களா?”

அவள் என்னை ‘அத்தே’ என்று கூப்பிடாமல் பேசியது அன்றைக்குத்தான்.

நான் எழுதச் சொன்னது இதில்லை என்று சொன்னேன். நான்கையும் நான் மரத்தடியில் சொன்னபடியே சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. “கையெழுத்து ஒங்களுதுதான?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையிலேயே வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனேன்.

“அந்தத் தாளத் திருப்பிக் குடுத்துருங்க சார். அது மனு இல்ல.”

“பதிவாயிடுச்சேம்மா. ஒண்ணு ஏற்பு, இல்லாட்டி நிராகரிப்பு. அப்பிடித்தான் நான் எழுதி அனுப்ப முடியும். பேசாம நிராகரிப்புன்னு போட்டுரட்டுங்களா?”

“ஏத்துக்கிட்டா நான் பிச்சக்காரி. நிராகரிச்சா பிச்ச கெடைக்காத பிச்சக்காரி. ரெண்டும் வேணாம்.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, அப்படியானால் அது எதற்கான தாள் என்று கேட்டார். சொன்னேன். ஓட்டல், தங்கை வீடு, சேலை, மலை.

“சரி. மனுதாரர் தானே நிறைவேற்றிக்கிறதா எழுதிக் குடுங்க. அத வெச்சு நான் ஏதாவது பண்றேன். ஆனா எப்பக்குள்ளன்னு சொல்லணும். அதுவரைக்கும் ஃபைலத் தொறந்து வெச்சிருப்பேன்.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர் வயலில் ஊன்றின வெங்காயம் அப்போதுதான் விரல் நீளம் கிளம்பியிருந்தது. வெங்காயம் முற்றினால் தாள் தானாக ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதுதான் பறிக்கிற நேரம்.

“தாளு சாயறதுக்குள்ள முடிச்சிர்றேன்” என்றேன்.

“அத எப்பிடிம்மா நான் எழுதறது?”

“அப்ப ரெண்டு மாசம்னு போட்டுக்குங்க.”

நானே எழுதினேன். ‘நான் யாரிடமும் கேட்கவில்லை. நானே செய்துகொள்வேன். இரண்டு மாதம்.’ காலையில் தொடங்கி முடிக்கிறபோது அவருக்கு இரண்டாவது டீ வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை இந்தக் கையெழுத்துதான் அழிக்கவேண்டும். வயலை ஏற்றுக்கொண்டாகிவிட்டது.

முதலில் அரியலூர். வெள்ளைச் சொக்காய் போட்ட சப்ளையர், “எத்தினி பேரும்மா?” என்று கேட்டார். “ஒருத்தி” என்றேன். நடு மேசையில் உட்கார்ந்தேன். ரவா தோசை சொன்னேன். வந்தது, சாப்பிட்டேன். காபி சொன்னேன். அது ஆறிப்போய் இருந்தது. எந்த வீட்டில் எது கொடுத்தாலும் ஆறினதோ அவிந்ததோ குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தவள் நான். அன்றைக்கு, “சூடா வேற கொண்டாங்க” என்று சொன்னேன். கொண்டுவந்தார். டம்ளரைக் கழுவாமல் எழுந்து வந்தேன்.

மீன்சுருட்டியில் நான் தோற்றேன் என்று சொல்லவேண்டும். முதல் மூன்று நாள் ராணி மாதிரி இருந்தேன். தங்கை துடைப்பத்தைக்கூட ஒளித்து வைத்திருந்தாள். நாலாம் நாள் காலையில் அவள் பால் வாங்கப் போன நேரத்தில் கைக்கு ஒரு அரிவாள்மனை அகப்பட்டது. வந்து பார்த்து, “ஒனக்குச் சும்மா இருக்கவும் ஒரு ஆள் வெக்கணுமாக்கா!” என்று கத்தினாள். ஆறாம் நாள் திரும்பிவிட்டேன். பத்து நாள் என்று போட்டது என் தப்பு. அந்த ஒரு வயலுக்கு மட்டும் நான் தப்பாகக் கணக்குச் சொன்னேன். மூன்று நாள் என்று திருத்தி, அந்த மூன்று நாளும் முடிந்ததாக எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த அன்று மருமகள் என் பையை வாங்கி உள்ளே வைத்தாள். “ஓட்டல்ல காபியத் திருப்பி அனுப்புனீங்களாமே, அத்தே?” என்றாள். சப்ளையர் அவள் கடைக்கு மாத்திரை வாங்க வருகிறவராம், தனியாக வந்த கிழவியின் அடையாளம் சொல்லிக் கதையளந்தாராம். ‘அத்தே’ என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை.

“நெசமாவே அந்த நாலுதான் சொன்னீங்களா? என்கிட்ட சொல்லியிருந்தா எழுதித் தந்திருக்க மாட்டனா?”

“நீ எழுதுவ. ஒன் வூட்டுக்காரன் காரு கொண்டாந்துருவான்.”

“ஆமா, கொண்டாந்துருவாரு” என்று சொல்லிச் சிரித்தாள். “சரி, அவருகிட்ட மூச்சு விடல. மிச்சம் என்ன இருக்கு?”

சேலைக் கடைக்கு அவளும் வந்தாள், ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கடைக்காரப் பையன் சாம்பல் நிறமாகவே எடுத்துப் போட்டான். “பெரியம்மா வயசுக்கு இதான் அடக்கமா இருக்கும்” என்றான். “என்ன எரிச்சதும் அந்தக் கலர் ஆயிடுவேன் தம்பி, இப்பவே எதுக்கு?” என்றேன். மேல் தட்டில் இருந்த மாம்பழ மஞ்சளைக் காட்டினேன். எடுத்தேன்.

அதற்குள் வெங்காயத் தாள் முழங்கால் உயரம் வந்துவிட்டது. மிச்சம் மலை மட்டும்தான். அது வெளியூர்க்காரர்களுக்குச் சின்ன மலை. என் முழங்காலுக்குப் பெரியது. இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன், பயத்தால்தான். பக்கத்து வயலில் ஒன்றிரண்டு தாள் வளையத் தொடங்கியதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன். அன்றைக்கு என் கூட்டம் அடிவாரத்து வயலில் பிந்திப் போட்ட வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டு இருந்தது. போகிற வழியில் சிநேகிதியிடம் சொன்னேன்.

“மேல போனதும் கூப்புடறேன். துண்ட எடுத்து ஆட்டு. எந்த வயலுன்னு எனக்குத் தெரியணும்.”

“நான் என்ன ரயிலுக்கா கொடி காட்றேன்? மஞ்சச் சேலய நாங்க பாத்துக்கறோம், நீ போயி வுழாம ஏறு.”

மருமகள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

“புடிச்சிக்கட்டுமா அத்தே?”

“வேணாம். பின்னால பேசிக்கிட்டே வா. வலி தெரியாம இருக்கும்.”

அவள் ஒரு படி பின்னால் வந்தாள். மருந்துக் கடைக்கு வருகிறவர்களின் கதையெல்லாம் சொன்னாள். இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பேன். படிகளை எண்ணவில்லை. வயலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறவள் வேலை செய்யமாட்டாள். கையடியில் இருப்பதை மட்டும் பார்க்கவேண்டும். பாதியில் நின்று முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன். ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்தேன். எங்களுக்குப் பின்னால் ஏறியவர்கள் எல்லாரும் கடந்து போய்விட்டார்கள். போகட்டும். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

மேலே போய்ச் சாமியைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் சுவர் ஓரத்துக்குப் போனேன்.

வரிசை தெரியவில்லை. நாற்பது வருஷம் நூல் பிடித்ததுபோல் ஊன்றின வரிசை எதுவும் அங்கிருந்து தெரியவில்லை. ஒரு கணம் என்னவோபோல் ஆகிவிட்டது. அப்புறம் கண் பழகியது. பச்சைப் பாய்களை விரித்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. ஒரு இடம்கூடச் சொட்டையாக இல்லை. நடுவில் பாலையாகக் கிடந்த திட்டுகள் எல்லாம் வீடும் ரோடும்தான். ஊன்றின இடம் எல்லாம் முளைத்திருந்தது. இதில் பாதிக்குமேல் ஏதோ ஒரு வருஷத்தில் என் கை பட்ட மண். பக்கத்தில் ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டு இருந்தது. ‘இதெல்லாம் நாங்க ஊன்றினது’ என்று அவர்களிடம் சொன்னேன். தெரியாதவர்களிடம்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மருமகள் அவள் போனில் வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டுத் தந்தாள்.

“சார், மலமேல நிக்கறேன். எழுதிக்குங்க.”

“நெசமாவாம்மா? தாளு சாஞ்சிருச்சா?”

“இங்க இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. நாலும் முடிஞ்சிது. ரெண்டாவதுல மட்டும் பத்து நாள மூணு நாளாத் திருத்திக்குங்க.”

“திருத்திடறேன். ‘நிறைவேறியது, மனுதாரரால்’ அப்பிடின்னு முடிக்கறேன். சரிங்களா?”

அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். போனை மருமகளின் காதில் வைத்து, அவளுக்கும் ஒரு முறை படிக்கச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “நன்றிங்க சார்” என்றாள். பிறகு என் சேலைத் தலைப்பைச் சரி செய்தாள்.

அடுத்ததாகச் சிநேகிதிக்குப் போன் போட்டோம். கீழே ஒரு பச்சைப் பாயின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி ஆடியது. அவள் துண்டுதான். நான் மஞ்சள் தலைப்பை விரித்து ஆட்டினேன். உடனே அவளுக்குப் பக்கத்தில் ஒன்று, அடுத்தது ஒன்று என்று, குனிந்திருந்த புள்ளிகள் எல்லாம் உயர்ந்துவிட்டன. பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பாரு, வரிச முடியல, அதுக்குள்ள நிமிருதுங்க” என்றேன் மருமகளிடம்.

திட்டுவதற்காகப் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.